பால் என்றால் பாலா? வெள்ளி என்றால் வெள்ளியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் 'அன்றாடச் சொற்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும்' என்னும் தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனை. காலை மணி பத்து. செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, பாலத்தைக் கடந்து வந்து அவசரப் பிரிவில் அமர்ந்திருக்கிறார். துணைக்கு வந்திருப்பது பேத்தி. மூன்றாம் படிவம் படிக்கும் பெண். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குப் பசார் மலாய் தெரியும். ஆனால் அது மீன் வாங்கவும் பேருந்து ஏறவும் போதுமே தவிர, உடம்பில் நடப்பதைச் சொல்லப் போதாது. ஆகவே பேத்திதான் மொழிபெயர்ப்பாளர்.

"எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்கிறாள் பேத்தி.

"பெரட்டு முடிஞ்ச நேரம் இருக்கும் கண்ணு. சடக்கோரமா நடந்தேன். தலையைச் சுத்திக்கிட்டு வந்திச்சு. அப்ப இருந்து வலது கை விளங்கல" என்கிறார் பாட்டி.

பேத்தி ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "பாட்டிக்குக் காலையில் தலை சுற்றியது. வலது கை வலிக்கிறதாம்."

பேத்தி பொய் சொல்லவில்லை. பாட்டியின் மீது அவளுக்குப் பாசம் இல்லாமலும் இல்லை. ஆனாலும் இரண்டு செய்திகள் நடுவழியில் தொலைந்துவிட்டன. 'விளங்கல' என்றால் கை செயல்படவில்லை, தூக்க முடியவில்லை என்று பொருள். பேத்திக்கு 'விளங்கல' என்றால் 'புரியவில்லை' என்ற பொருள் மட்டுமே தெரியும். கைக்குப் புரியாமல் போகுமா? போகாது. ஆகவே வலியாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். மருத்துவரைப் பொறுத்தவரை, வலிக்கும் கை வேறு, செயலற்ற கை வேறு. இரண்டாவது பக்கவாதத்தின் அறிகுறி.

அடுத்தது, 'பெரட்டு'. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரம் அது. பெரட்டு முடிந்த நேரம் என்றால் ஏறக்குறைய ஆறு மணி. பேத்தி அதைக் 'காலையில்' என்று சொல்லிவிட்டாள். காலை என்பது ஐந்து மணியும் ஆகலாம், ஒன்பதரையும் ஆகலாம். மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கியது என்றால், பத்து மணிக்கு மருத்துவர் கையில் மிச்சம் இருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தின் கதவை ஒரே ஒரு தோட்டத்துச் சொல் பூட்டிவிடுகிறது!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் வரும் சொற்கள் எதுவும் கற்பனை இல்லை. நம் வீடுகளில் இன்றும் புழங்குகிறவை. "தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால் மட்டும் போதுமா, அல்லது "எந்த ஊர்த் தமிழ்?" என்றும் கேட்க வேண்டுமா? இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

கப்பலில் வந்த சொற்கள்

1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கால் வைத்து நீண்ட காலம் ஆவதற்குள் தமிழர்கள் இங்கே கடை விரித்துவிட்டார்கள். சூலியா தெருவும், 1801-இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலும் அதற்குச் சான்று. ஆங்கிலேயர் 'மார்க்கெட் ஸ்திரீட்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். தமிழர்கள் அதைக் 'கடைத்தெரு' என்றார்கள். அரசாங்கத்துக்குப் 'பினாங்கு ஸ்திரீட்'. நம்மவர்களுக்குக் 'கிட்டங்கித் தெரு'. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கே இருந்ததே காரணம்.

இந்தக் கிட்டங்கியை ஆங்கிலத்தில் என்ன சொல்வது? 'கோடவுன்' என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் 'கோடவுன்' எங்கிருந்து வந்தது? தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிடங்கி, மலாயில் கூடாங். அந்த வழியாகத்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்று 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி கருதுகிறது. நம் வீட்டுப் பிள்ளைதான் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது!

மலாய் மொழியிலும் இப்படி எத்தனையோ. கடை 'கெடாய்' ஆனது. கப்பல் 'காப்பால்' ஆனது. முதல் 'மோடால்' ஆனது. கட்டில், பெட்டி, மீசை எல்லாம் அங்கே குடியேறி நிரந்தரவாசம் பெற்றுவிட்டன. அதற்குப் பதிலாக மலாய் நமக்குக் கொடுத்த சொற்களும் ஏராளம்.

ரப்பர் வந்ததும் சொற்களின் வரத்து பெருகியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தொழிலாளர்கள் பினாங்கில் இறங்கினார்கள். பலர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்யும்வரை கங்காணி முறையில் ஆள் எடுப்பு நடந்தது. தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர், திருச்சிக்காரர், வட ஆற்காட்டுக்காரர் எனப் பல வட்டாரத்தாரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருந்தனர். பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரர், கடையில் சீனத் தவுக்கே, பங்களாவில் வெள்ளைக்காரத் துரை. இத்தனை பேருக்கும் நடுவில் ஒரு புதிய தமிழ் பிறந்தது. அதுதான் தோட்டத்துத் தமிழ்.

அகராதி காட்டாத பொருள்

அந்தத் தமிழைச் சென்னையிலிருந்து வரும் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் ஆங்கிலத்தில் புலியாகவே இருக்கட்டும். என்ன நடக்கும்?

"ஐம்பது வெள்ளி கொடுத்தேன்." அவர் தலையைச் சொறிவார். வெள்ளி என்றால் உலோகம், வெள்ளி என்றால் கிழமை, வெள்ளி என்றால் விண்ணில் ஒரு கோள். இங்கே அது ரிங்கிட் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"தோட்டத்தில் பால் எடுத்தோம்." 'கார்டன்' என்றும் 'மில்க்' என்றும் எழுதினால், வீட்டுப் பூந்தோட்டத்தில் யாரோ மாடு கறப்பதைப் போல ஆகிவிடும். இங்கே தோட்டம் என்பது நூற்றுக்கணக்கான ஏக்கர் 'எஸ்டேட்'. பால் என்பது ரப்பர் மரத்தின் பால்.

"மரம் வெட்டப் போனேன்." வெட்டியவர் ஒரு மரத்தைக்கூடச் சாய்க்கவில்லை. பட்டையில் மெல்லிய கோடாகச் சீவிப் பால் வடியவிட்டார். அவ்வளவுதான்.

"கம்பத்தில் தீப்பிடித்தது." மின்கம்பம் எரிந்ததாக எழுதிவிடுவார். எரிந்ததோ கம்போங்கில் உள்ள வீடுகள்.

"சின்ன வயதில் மங்கு துடைத்தேன்." தமிழ்நாட்டில் முகத்தில் படரும் கருந்திட்டையும் மங்கு என்பார்கள். ஏதோ அழகுக் குறிப்பு என்று அவர் நினைத்தால் அது அவர் குற்றமா? இங்கே மங்கு என்பது பால் பிடிக்கும் கிண்ணம். மலாயில் 'மங்கோக்'. அம்மாவுக்கு முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு மரத்திலும் அந்தக் கிண்ணத்தைத் துடைத்து வைத்த பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள்.

கித்தா, சடக்கு, லயம், கிராணி, மண்டோர், ஆயாக் கொட்டகை, வெளிக்காட்டு வேலை, ஒட்டுப்பால்... பட்டியல் நீண்டுகொண்டே போகும். மலாயில் கெத்தா நம்மிடம் கித்தா ஆனது. இந்தியில் சடக், சடக்கு ஆனது. ஆங்கிலத்தில் லைன், லயம் ஆனது. ஆங்கிலத்தில் பரேட், பெரட்டு ஆனது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதே சொற்கள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஒலிக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. "வெட்டுக் கத்தி கையில இருந்திச்சு" என்று ஒருவர் வாக்குமூலம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது மரப்பட்டை சீவும் சின்னஞ்சிறு கத்தி. தினமும் வேலைக்குக் கொண்டுபோவது. மொழிபெயர்ப்பாளர் அதை ஆளை வெட்டும் கத்தி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், வேலைக்குப் போன மனிதர் ஆயுதத்தோடு போன மனிதராகிவிடுகிறார்! நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறுவது அவர் வாயிலிருந்து வந்த சொல்லா, மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வந்த சொல்லா? நீதிபதியின் காதில் விழுவது இரண்டாவதுதான்.

துரைமார் படித்த தமிழ்

இங்கே ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துத் தமிழுக்குப் பாடப் புத்தகமும் தேர்வும் இருந்த காலம் ஒன்று உண்டு. படித்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகள் அல்லர், வெள்ளைக்காரத் துரைமார்!

இலங்கையில் தேயிலை, ரப்பர் தோட்டங்களை நடத்திய துரைமாருக்காக வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்னும் நூலை எழுதினார். 1915-இல் கொழும்பில் அது வெளிவந்தது. மலாயாவிலும் 1919-இல் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம் தமிழ்த் தேர்வு நடத்தியது. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய சின்னத் துரை, தமிழ் கற்றுக்கொண்டால்தான் வேலையில் முன்னேற முடியும் என்ற நிலை இருந்தது.

ஏன் அத்தனை அக்கறை? வேலை வாங்க வேண்டும் என்பதற்காக. ஆள் எண்ணிக்கை, பால் கணக்கு, கூலிக் கணக்கு எதுவும் பிசகக் கூடாது என்பதற்காக. துரைக்குத் தேவைப்பட்டபோது தோட்டத்துத் தமிழை ஆங்கிலமாக்கக் காசும் கிடைத்தது, ஆளும் கிடைத்தார்கள், நூலும் வந்தது.

இன்று தேவை இடம் மாறியிருக்கிறது. இன்று அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல வேண்டிய தேவை அந்தப் பாட்டிக்கு இருக்கிறது. மருத்துவமனையில், நீதிமன்றத்தில், காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் அவருக்குக் கிடைத்திருப்பது மூன்றாம் படிவம் படிக்கும் பேத்தி மட்டுமே. அந்தப் பிள்ளையோ அடுக்குமாடி வீட்டில் பிறந்தவள். பெரட்டுக் களத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய பின், சொல் மட்டும் பாட்டியோடு நகரத்துக்கு வந்துவிட்டது. சொல்லுக்குரிய பொருள் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தமிழும் சோமாலியத் தாயும்

இது மலேசியத் தமிழருக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கைப் போரின் காரணமாக இந்த நாட்டுக்கு வந்து அகதிகளாகப் பதிந்துகொண்ட தமிழர்கள் உண்டு. அவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு மலேசியத் தமிழர் அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தமிழர்தாம். ஆனால்...

"பிள்ளை இரவு முழுக்கச் சத்தி எடுத்தவன்" என்கிறார் ஒரு தாய். சத்தி என்றால் அவருக்கு வாந்தி. கேட்பவருக்கோ சத்தி என்றால் வலிமை. "அவர் என்னைப் பேசினவர்" என்கிறார். அங்கே பேசுவது என்றால் திட்டுவது. இங்கே வெறும் உரையாடல். அங்கே உரையாடுவதற்குக் கதைத்தல் என்று பெயர். இங்கே கதைப்பது என்றால் கதை விடுவது போலத் தோன்றும். "பெடியள் வந்து கேட்டவை" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெடியள் தெருவில் பந்து விளையாடும் சிறுவர்களா, துப்பாக்கி ஏந்திய இயக்கத்து இளைஞர்களா? ஒரு மனிதருக்கு அடைக்கலம் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

உறவுமுறைகள் இன்னொரு கண்ணிவெடி. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்போம். ஒரு விசாரணையில் 'பிரதர்' என்று மொழிபெயர்க்கப்படுகிறார். அடுத்த விசாரணையில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் அவரையே 'கசின்' என்கிறார். அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறீர்களே" என்று கேட்டால், அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? அவர் இரண்டு முறையும் சொன்னது ஒரே சொல், 'அண்ணன்'.

ஆப்பிரிக்காவின் சோமாலியாவிலும் இதே கதைதான். சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து அதிகாரபூர்வ எழுத்தாக அறிவிக்கப்பட்டதே 1972-இல்தான். அந்த எழுத்து முறையில் ஆங்கில 'எக்ஸ்' என்னும் எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் 'ஹ' ஒலி. ஹசன் என்ற பெயரை அவர்கள் 'எக்ஸ்' போட்டுத்தான் எழுதுவார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த தாதி ஒருவர் அதைப் பார்த்து 'க்சாசன்' என்று கூப்பிட்டால், வரிசையில் இருக்கும் ஹசன் எப்படி எழுந்து வருவார்?

இன்னொன்றும் உண்டு. 2003-க்குப் பிறகு சோமாலி பண்டு எனப்படும் மக்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பலர் பேசுவது தெற்குப் பகுதியின் மாய் மொழி. அவர்களுக்குச் 'சோமாலி மொழிபெயர்ப்பாளர்' என்று அனுப்பப்பட்டவர்களோ பெரும்பாலும் வடக்கிலும் வானொலியிலும் வழங்கும் மஹா வகையைப் பேசுகிறவர்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சரிவர விளங்கவில்லை. தாளில் 'சோமாலி' என்று ஒரே பெயர். நாக்கில் இரண்டு மொழி.

ஒரு சொல்லின் விலை

ஒரு சொல் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு உலகறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம். கியூபக் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தார் 'இன்டோக்ஸிகாடோ' என்றனர். கியூப நாட்டு ஸ்பானிய வழக்கில், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்குப் பொருள். ஆங்கிலம் பேசும் மருத்துவர்களின் காதில் அது 'இன்டாக்ஸிகேட்டட்' என்று விழுந்தது. போதைப் பொருள் உட்கொண்டுவிட்டார் என்று முடிவு செய்து அதற்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள். உண்மையில் அவருடைய மூளையில் இரத்தக் கசிவு. அது கண்டுபிடிக்கப்படும் முன் நாட்கள் ஓடிவிட்டன. அந்த இளைஞரின் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்தன. பின்னர் ஏறக்குறைய 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீட்டில் அந்த வழக்கு முடிந்தது.

கவனியுங்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவை என்றே யாரும் நினைக்கவில்லை. இரண்டு சொற்களும் ஒரே மாதிரி ஒலித்ததால், புரிந்துவிட்டதாகவே எல்லாரும் எண்ணிவிட்டார்கள். புரியாத சொல்லாவது நம்மை நிறுத்திக் கேட்கவைக்கும். புரிந்ததுபோல் தோன்றும் சொல் அதைச் செய்யாது. பேத்தியின் காதில் விழுந்த 'விளங்கல' அப்படிப்பட்டதுதான்.

நாசி கண்டாரை எப்படி மொழிபெயர்ப்பது?

அப்படியானால் வட்டாரச் சொற்களை மொழிபெயர்க்கவே முடியாதா? முடியும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் சரிநிகர் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போவது வீண் வேலை.

பினாங்குக்காரர்களுக்கு நாசி கண்டாரைத் தெரியாமல் இருக்குமா? ஊரிலிருந்து வரும் உறவினரிடம் "நாசி கண்டார் சாப்பிடலாம்" என்று கூப்பிட்டால், அவர் மூக்கைத் தடவிப் பார்ப்பார். தமிழில் நாசி என்றால் மூக்கு. நாசி கண்டார் என்றால் மூக்கைப் பார்த்தவர்! மலாயில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அந்தத் தண்டின் இருபுறமும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் அந்தப் பெயர் நிலைத்தது. 'தண்டுச் சோறு' என்று ஆங்கிலத்தில் எழுதினால் யார் வாயில் எச்சில் ஊறும்? அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே சரி.

ஆங்கிலமும் இப்போது அதற்கு இடம் கொடுக்கிறது. கறியும் கட்டுமரமும் சுருட்டும் முன்பே போய்ச் சேர்ந்தவை. 2016-இல் 'ஐயோ' ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. 2025 மார்ச்சில் 'தப்பாவ்', 'நாசி லெமாக்', 'அலாமாக்' எல்லாம் ஏறிவிட்டன. பொட்டலம் கட்டித் தரச் சொல்ல இனி மலேசியர் வேறு ஆங்கிலச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இதே வழிதான். 'பெரட்டு' என்பதற்கு ஒரு சொல்லில் ஆங்கிலம் தேட வேண்டாம். "தோட்டத்தில் விடியற்காலை ஆள் கூப்பிடும் நேரம், ஏறக்குறைய ஆறு மணி" என்று விளக்கிச் சொன்னால் போதும். 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் குளிக்கவில்லை என்று மொழிபெயர்ப்பவர் அகராதியில் சரியாக இருக்கலாம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வாத மருந்தை மருத்துவர் எழுதிவிட்டால் அந்தச் சரியால் என்ன பயன்? அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதல்லவா செய்தி! 'அப்பா போன வருஷம் தவறிட்டார்' என்பதை, அப்பா ஏதோ தவறு செய்துவிட்டார் என்று சொல்லலாமா?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மொழிபெயர்க்க உட்காருபவர் எடுத்த எடுப்பிலேயே ஊரைக் கேட்க வேண்டும். "ஐயா, நீங்க எந்தத் தோட்டம்? அம்மா, உங்களுக்கு எந்த ஊர்?" இது உபசாரக் கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் எந்த அகராதியைத் திறப்பது என்று தெரிந்துகொள்ளும் கேள்வி.

இரண்டாவது, ஐயம் வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். "விளங்கலைன்னா என்ன பாட்டி? வலிக்குதா, தூக்க முடியலையா?" இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் ஊகிப்பதுதான் ஆபத்து. மருத்துவரிடமோ நீதிபதியிடமோ, "இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

மூன்றாவது, பிள்ளைகளின் தலையில் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. தாத்தாவின் மூத்திரக் கோளாற்றையும் அம்மாவின் கர்ப்பப்பை நோயையும் பதினைந்து வயதுப் பிள்ளை எந்தச் சொல்லால் சொல்லும்? பெரியவர்களும் பேரப்பிள்ளை முன்னால் பாதியை மறைத்துவிடுவார்கள். மருத்துவமனையில் தமிழ் பேசும் தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பினாங்கில் பெரும்பாலும் இருப்பார்கள். கேட்டால்தான் வருவார்கள்.

நான்காவதும் முக்கியமானதும், சொற்களைச் சேகரிக்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி தமிழின் பெருஞ்செல்வம். ஆனால் நம் பாட்டியின் பெரட்டுக்காக அது எழுதப்படவில்லை. கரிசல் மண்ணின் விவசாயி கி. ராஜநாராயணன், 1982-இல் தம் மக்களின் பேச்சுச் சொற்களுக்குத் தனி அகராதி தந்தார். பெரிய பள்ளிப் படிப்பு அவருக்கு இல்லை. ஆனால் காது இருந்தது. 2000-இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு ஒன்றைத் தொகுத்தார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளையும் சேர்த்து, ஆங்கிலப் பொருளோடு தந்தது. அந்த வரிசையில் மலேசியத் தோட்டத்துச் சொற்களும் முழுமையாகத் தொகுக்கப்பட்டு, மலாய் விளக்கமும் ஆங்கில விளக்கமும் பெற வேண்டும். மருத்துவமனை முகப்பில் ஒரு பிரதி, நீதிமன்றத்தில் ஒரு பிரதி, தமிழ்ப்பள்ளிதோறும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

இதற்குப் பேராசிரியர்கள் வேண்டும்தான். ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தைப் பேரப்பிள்ளையின் கையில் கொடுங்கள். தாத்தாவிடமும் பாட்டியிடமும் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சொல், அதன் பொருள், அதைச் சொன்ன தோட்டத்தின் பெயர். மூன்று மட்டும் போதும். முப்பது நாளில் முந்நூறு சொல். வேலை முடிவதற்குள் அந்தப் பிள்ளைக்குத் தன் குடும்பத்தின் வரலாறே கிடைத்துவிடும்.

மீண்டும் அந்த மருத்துவமனைக்கே போவோம். மணி பத்து. பாட்டி சொல்லி முடித்துவிட்டார். பேத்தி வாயைத் திறக்கும் முன் ஒரு கணம் தயங்குகிறாள்.

"பெரட்டுன்னா எத்தனை மணி பாட்டி?"

"ஆறு மணி இருக்கும் கண்ணு."

அவள் மருத்துவர் பக்கம் திரும்பி, "ஆறு மணிக்கு" என்கிறாள். மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறார்.